குளம்படித் தடங்கள் – 17: பெலேர் லாயத்துக்கு என்ன மதிப்பு?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டனுக்கும் அன்னாபோலிசுக்கும் இடைப்பட்ட ஊர் பூயி. வரிசை வரிசையாக வீடுகள் எழும்பிய அந்தப் புறநகரில், மணற்கல்லால் கட்டிய குதிரை லாயம் ஒன்று நிற்கிறது. நடுவில் முற்றம், அதன் மூன்று பக்கமும் கட்டடம். அந்தக் கூரையின் கீழேயே குதிரைகளைக் கவனித்தவர்கள் குடியிருந்த அறைகளும் உண்டு. நகராட்சி அதை அருங்காட்சியகமாக நடத்துகிறது. 1973-இல் அது அமெரிக்க அரசின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. இந்த லாயம் சேர்ந்திருந்த பெலேர் பண்ணைக்கு ‘அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தின் தொட்டில்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பிரிட்டிஷ் காலனியாக இருந்த மேரிலாந்துக்கு உயர்சாதி ஆங்கிலப் பந்தயக் குதிரைகள் 1747-இல் வந்து இறங்கியது இந்தப் பண்ணையில்தான். ஆனால் இன்று நாம் பார்க்கும் லாயம் கட்டப்பட்டது 1907-இல். குதிரைகள் வந்ததற்கும் இந்தக் கல் எழும்பியதற்கும் இடையே 160 ஆண்டுகள் கிடக்கின்றன. காலனிக் காலப் பந்தயத்தின் நினைவுச்சின்னம் என்று இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றைக் காட்டலாமா? காட்டலாம் என்பதே என் முடிவு. அதற்கு நான் சொல்லும் காரணம், வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இல்லை.

காலனி அமெரிக்காவில் குதிரைப் பந்தயம் எப்படிப்பட்ட இடத்தில் இருந்தது என்று காட்ட ஒரு வழக்கு போதும். பக்கத்துக் காலனியான வர்ஜீனியாவில், யார்க் கவுண்டி நீதிமன்றத்தின் முன் 1674-இல் ஜேம்ஸ் புல்லக் என்ற தையற்காரர் நிறுத்தப்பட்டார். தன் பெட்டைக் குதிரையை இன்னொருவர் குதிரையோடு பந்தயத்தில் ஓடவிட்டார் என்பது குற்றம். பந்தயம் கனவான்களுக்கு உரிய விளையாட்டு, உழைத்துப் பிழைப்பவன் அதில் இறங்குவது சட்ட விரோதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அபராதம் நூறு பவுண்டு புகையிலை. அந்தச் சீமையில் காசுக்குப் பதில் புகையிலைதான் புழங்கியது. பந்தயத்தின் பேரில் ஏதோ ஏமாற்று வேலை நடந்ததாகவும் வழக்கில் வருகிறது. என்றாலும் பதிவேட்டில் முதலில் நிற்பது அந்த மனிதரின் தொழில்தான். குதிரை அவருடையது, பந்தயம் கட்டிய பொருள் அவருடையது, ஓட்டத் தெரிந்த திறமையும் இருந்திருக்கும். பிறந்த இடம்தான் இடித்தது. யார் பெரிய மனிதர், யார் இல்லை என்று ஊருக்கு அறிவிக்கும் மேடையாகப் பந்தயத்தை ஆக்கிக்கொண்ட சமூகம் அது. அடுத்த நூற்றாண்டில் பெலேரில் நடந்தவற்றை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

பெலேர் மாளிகையை எழுப்பியவர் மேரிலாந்தின் ஆளுநராக மூன்று முறை இருந்த சாமுவேல் ஓகிள். 1741-இல் அவர் அன்னாபோலிசின் செல்வாக்கு மிக்க டாஸ்கர் குடும்பத்துப் பெண் ஆன் டாஸ்கரை மணந்தார். ஓகிள் இங்கிலாந்துக்குப் போயிருந்த காலத்தில், மாமனார் பெஞ்சமின் டாஸ்கரின் மேற்பார்வையில் 1745 வாக்கில் மாளிகை எழும்பியது. ஓகிள் 1747-இல் திரும்பி வந்தபோது ஸ்பார்க் என்ற பொலிகுதிரையையும் குவீன் மாப் என்ற பெட்டையையும் கூடவே கொண்டுவந்தார். வட அமெரிக்கக் காலனிகளில் அதுவரை பெரிதும் நடந்தது கால் மைல் ஓட்டம். ஊர்ச் சாலையிலோ வெட்டவெளிப் பாதையிலோ இரண்டு குதிரைகளை நேர்க்கோட்டில் விரட்டுவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஓகிளும் அவர் வகுப்பினரும் விரும்பியது நான்கு மைல் ஓடும் ஆங்கில முறை. அதற்குக் குருதிவழி அறிந்த குதிரை வேண்டும், ஆண்டுக்கணக்கில் பழக்கும் பொறுமை வேண்டும், அதற்கேற்ற லாயம் வேண்டும். ஓகிள் 1752-இல் இறந்தார். மகனோ சிறுவன். ஆகவே மைத்துனர் இளைய பெஞ்சமின் டாஸ்கர் பண்ணைப் பொறுப்பை ஏற்றார். அவர் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஒரு பெட்டைக் குதிரைதான் பெலேரின் பெயரைக் காலனியெங்கும் கொண்டுபோனது. அதன் பெயர் செலிமா. தந்தை கொடால்பின் அரேபியன். உலகில் இன்று ஓடும் தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள் அனைத்தின் ஆண்வழியும் மூன்று பொலிகுதிரைகளில் போய் முடிகிறது, அந்த மூன்றில் ஒன்று அது. நம் கிண்டி மைதானத்தில் தலைமுறை தலைமுறையாக ஓடிய குதிரைகளும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

1752 டிசம்பரில் வர்ஜீனியாவின் குளோஸ்டரில் நடந்த பந்தயம் செலிமாவுக்கு அழியாப் பெயர் தந்தது. வர்ஜீனியாவின் பெருநிலக்கிழார் மூன்றாம் வில்லியம் பேர்டு, தன் ட்ரையல் என்ற குதிரையை வெல்ல யாரும் வரலாம் என்று சவால் விட்டார். குதிரைக்கு ஐந்நூறு பிஸ்டோல் கட்டணம். ஐந்து குதிரைகள் வந்து நின்றன. ஆகமொத்தம் 2,500 பிஸ்டோல். பிஸ்டோல் என்பது ஸ்பானியத் தங்க நாணயம். அதே ஆண்டில் வர்ஜீனியாவின் துணை ஆளுநர் டின்விடி, நிலப் பட்டா ஒன்றுக்கு முத்திரை வைக்க ஒரே ஒரு பிஸ்டோல் கட்டணம் என்று அறிவித்தார். அந்த ஒரு நாணயத்துக்காகக் காலனிச் சட்டமன்றம் கொதித்தெழுந்து லண்டன் வரைக்கும் முறையிட்டது. அப்படிப்பட்ட நாளில் ஒரு பிற்பகலில் 2,500 நாணயம் கைமாறியிருக்கிறது. நான்கு மைல் ஓடி வென்றது செலிமா. தோற்ற எரிச்சலில் வர்ஜீனியாக்காரர்கள், மேரிலாந்தில் பிறந்த குதிரைக்குத் தங்கள் பந்தயங்களில் இடமில்லை என்று விதி செய்தார்கள் என்றும், மேரிலாந்துக்காரர்களோ சினைக் குதிரைகளை வர்ஜீனியாவுக்கு ஓட்டிப்போய் அங்கே குட்டி ஈனச் செய்தார்கள் என்றும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பேர்டு சூதாட்டக் கடனில் மூழ்கி 1777-இல் தற்கொலை செய்துகொண்டார். செலிமாவின் கால்வழியோ தழைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் தலைசிறந்த பொலிகுதிரையான லெக்சிங்டன் அந்த வழியில் வந்தது. மேரிலாந்தின் லாரல் மைதானத்தில் 1926 முதல் செலிமா பெயரில் ஒரு பந்தயமும் நடத்தினார்கள்.

எந்தக் குதிரைப் பந்தய வரலாற்று நூலைப் புரட்டினாலும் பெலேரைப் பற்றி இவ்வளவும் கிடைக்கும். எழுத்தில் இவ்வளவு பத்திரமாக இருக்கும் செய்திக்குக் கட்டடம் எதற்கு என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. எழுத்தில் இல்லாதது எது என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நான்கு மைல் ஓட்டம் சுமார் எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த எட்டு நிமிடத்துக்காகக் குதிரை வருடம் முழுக்க வாழ்ந்தது லாயத்தில். விடியுமுன் எழுப்பித் தண்ணீர் காட்ட வேண்டும். ஓட்ஸ் அளந்து போட வேண்டும், அதுவும் ஓடப்போகும் நாளுக்கு ஓர் அளவு, ஓய்வு நாளுக்கு ஓர் அளவு. ஈர வைக்கோலை வாரி உலர்ந்த வைக்கோல் பரப்ப வேண்டும். குளம்பைத் தூக்கிச் சேறும் கல்லும் குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். ஓடிவிட்டு வந்த குதிரையை வியர்வை அடங்கும்வரை நடத்தியே ஆற வைக்க வேண்டும், அவசரப்பட்டுத் தண்ணீர் காட்டிவிட்டால் வயிற்று வலியில் சுருண்டுவிடும் என்று அஞ்சுவார்கள். காலைத் தடவிப் பார்த்தே தசைநாரில் சூடு ஏறியிருப்பதைக் கண்டுபிடிக்கும் கை இருந்தால்தான் அந்தக் குதிரை மறுநாள் ஓடும். அந்தக் கை யாருடையது? புகையிலை விளைந்த செசபீக் விரிகுடாக் கரையோரப் பெரும்பண்ணைகளில் அது பெரும்பாலும் அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மனிதரின் கை. குதிரையைக் கழுவியவரும் பழக்கியவரும் பல சமயம் ஏறி ஓட்டியவரும் அவர்களே. பெலேரும் அடிமை உழைப்பில் நடந்த புகையிலைப் பண்ணைதான். தையற்காரர் குதிரை ஓட்டினால் குற்றம், அடிமை எஜமானுக்காக ஓட்டினால் குற்றமில்லை. வெற்றி எஜமானின் கணக்கில் ஏறும்.

அன்றைய பதிவேடுகள் எதைப் பாதுகாத்தன என்று பாருங்கள். லண்டனில் ஜேம்ஸ் வெதர்பி 1791 முதல் தொகுத்து வெளியிட்ட பொதுக் குருதிவழி ஏட்டின் பயனாக, செலிமா காலத்துக் குதிரைகளின் தாய், தாயின் தந்தை, அதற்கும் முந்திய தலைமுறை எல்லாம் இன்றும் தேடி எடுக்க முடிகிறது. குதிரைக்கு வம்சம் எழுதிவைத்தார்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டியவருக்கு முழுப் பெயர்கூட எழுதவில்லை. எழுதிய இடத்திலும் சொத்துப் பட்டியலில், குதிரைகளுக்கு முன்னாலோ பின்னாலோ, விலை போட்டு ஒரு பெயர் இருக்கும். விதிவிலக்குகள் உண்டு. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து சிறு பையனாகவே பந்தயக் குதிரை ஏறி, பின்னர் பெரும் லாயங்களைப் பொறுப்பேற்று நடத்திய சார்லஸ் ஸ்டூவர்ட் முதுமையில் சொன்ன வாழ்க்கைக் கதை 1884-இல் ஹார்ப்பர்ஸ் இதழில் வந்தது. அப்படி வாய் திறக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் இருந்தார்கள், இங்கேதான் உழைத்தார்கள், இங்கேதான் தூங்கினார்கள் என்பதற்கு லாயம் என்ற இடமே சாட்சி. மாளிகைக்கு ஓவியம் உண்டு, கடிதம் உண்டு, உயில் உண்டு. லாயத்தில் நடந்த வாழ்க்கைக்கு அவை மிக அரிது. ஆகவே ஒரு பண்ணையில் எதைக் காப்பது முக்கியம் என்று வந்தால், ஆவணம் குறைந்த பக்கத்துக் கட்டடத்துக்கே முதலிடம் தர வேண்டும். பெலேர் லாயத்தின் மரபு மதிப்பை நான் நிறுத்துவது இந்த அடித்தளத்தின் மேல்தான்.

இனி அந்த 160 ஆண்டுச் சிக்கலுக்கு வருகிறேன். செலிமா நின்ற லாயம் இது இல்லை. அதன் கால் பட்ட தரையோ அது வாய் வைத்த தொட்டியோ இந்தக் கட்டடத்தில் இருக்க வழியில்லை. 1907-இல் இதைக் கட்டியவர் ஜேம்ஸ் உட்வர்டு. நியூயார்க்கின் ஹானோவர் நேஷனல் வங்கித் தலைவர். 1898-இல் பண்ணையை வாங்கினார். நியூயார்க் வங்கிப் பணத்தில் எழுந்த கட்டடத்தில் ‘காலனி’ என்ற சொல்லை ஒட்டுவது வரலாற்று மோசடி என்று கறாராகப் பேசுவோர் சொல்லலாம். அவர்கள் அதே கறாரை மாளிகையின் பக்கமும் திருப்ப வேண்டும். பெலேர் மாளிகையின் இரு பக்கச் சிறகுகளும் 1914-இல் டெலானோ – ஆல்ட்ரிச் என்ற கட்டடக்கலை நிறுவனம் வரைந்து சேர்த்தவை. அந்தக் காரணத்தால் மாளிகையின் காலனிப் பெருமையை யாரும் மறுப்பதில்லை. அங்கே நடுப்பகுதியாவது 1745 வாக்கில் கட்டியது என்பார்கள். சரிதான், அது மெய்யான வேறுபாடு. செல்வர் வீட்டைச் செங்கல்லிலும், வேலைக்காரர் இடத்தை மரத்திலும் கட்டியதன் விளைவு அது. செசபீக் பகுதியில் அன்று லாயம், கொட்டில், புகையிலை உலர்த்தும் கூடம், அடிமைக் குடிசை எல்லாம் பெரும்பாலும் மரக்கட்டுமானங்கள். மரம் உளுத்துப்போகும், தீப்பிடிக்கும், புதுப்பிக்கும்போது பிரித்தெறியப்படும். மூலப் பொருள் மிஞ்சியிருந்தால்தான் மதிப்பு என்று விதி வைத்தால், எஜமானர்கள் மட்டுமே எந்நாளும் வரலாற்றுச் சின்னம் பெறுவார்கள். உழைப்பின் இடங்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும். அதே பண்ணையில், அதே வேலைக்காக, அதே வகைக் குதிரைகளுக்காக மீண்டும் எழுந்த கட்டடம் அந்தத் தொழிலின் வாரிசு. வாரிசு என்ற உரிமையில்தான் அது நிற்க வேண்டும், முதியவரின் வேடம் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. 1907 என்ற ஆண்டை வாசலிலேயே பெரிதாக எழுதுவதுதான் இந்த வாதத்துக்கு நேர்மையான துணை.

இதே நேர்மையை எதிர்பார்த்து இன்னொரு பெருமையையும் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1747 முதல் 1957 வரை பெலேர் இடைவிடாமல் இயங்கிய குதிரைப் பண்ணை, நாட்டிலேயே மிகப் பழையது என்று சொல்லுவது வழக்கம். ஓகிள் குடும்பத்தின் கையிலிருந்து பண்ணை 1871-இல் போய்விட்டது. உட்வர்டு வந்தது அதற்கு இருபத்தேழு ஆண்டு கழித்து. இந்த இடைவெளியை இரு குடும்பங்களின் பெருமையாலும் நிரப்ப முடியாது. ஆனால் பண்ணையை விட்டுச் சற்று எட்டிப் பார்த்தால், அந்த இடைவெளியிலும் குதிரை அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை என்பது தெரியும். ஊருக்குப் பெயர் தந்த ஓடன் பூயி 1869 முதல் 1872 வரை மேரிலாந்து ஆளுநர். பால்டிமோரில் 1870-இல் பிம்லிகோ மைதானம் திறந்ததற்கு முன்னின்றவர் அவர். அங்கேதான் 1873-இல் பிரீக்னஸ் பந்தயம் தொடங்கியது. பின்னர் 1914-இல் பூயியிலேயே ஒரு பந்தய மைதானம் வந்தது, 1985 வரை ஓடியது. ஆகவே தொடர்ச்சி உண்டு. அது ஒரு வேலிக்குள் அடைபட்ட தொடர்ச்சி இல்லை, ஒரு வட்டாரத்தின் தொழில் மரபு. லாடம் அடிக்கத் தெரிந்தவர், சேணம் தைக்கத் தெரிந்தவர், சினைக் குதிரையின் நாள் கணக்கு சொல்லத் தெரிந்தவர் என்று ஒரு வட்டாரமே கைப்பழக்கமாக வைத்திருந்ததைத்தான் ‘இடைவிடாத’ என்று சொல்லலாம். மிகைப்படுத்திய பட்டத்தை விட்டுவிட்டால் லாயத்துக்கு நட்டமில்லை.

உட்வர்டுகளின் காலத்தில் பெலேர் எட்டிய உயரம் பெரிது. ஜேம்ஸ் உட்வர்டு 1910-இல் இறந்தபின் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் உட்வர்டு பண்ணைக்கு உரிமையாளரானார். வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்த சட்டை, சிவப்புத் தொப்பி, இதுதான் பெலேர் ஜாக்கிகளின் உடை. கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஒரே ஆண்டில் வெல்வதை ட்ரிபிள் கிரவுன் என்பார்கள். 1930-இல் கேலன்ட் ஃபாக்ஸ் அதை வென்றது. அதன் மகன் ஒமஹா 1935-இல் வென்றது. தந்தையும் மகனும் மூன்று மகுடத்தையும் வென்ற ஒரே இணை இன்றுவரை அதுதான். 1930 முதல் 1939 வரையிலான பத்து ஆண்டுகளில் பெல்மான்ட் பந்தயத்தை மட்டும் பெலேர் குதிரைகள் ஐந்து முறை வென்றன. இங்கேயும் ஒரு தடை எழுப்பலாம். இந்தச் சாம்பியன்கள் பிறந்தது கென்டக்கியின் கிளேபோர்ன் பண்ணையில், பந்தயத்துக்குப் பழகியது நியூயார்க்கில், ஜேம்ஸ் ஃபிட்சிமன்ஸ் என்ற பெரும் பயிற்சியாளரிடம். அப்படியானால் மேரிலாந்து லாயத்துக்கு இதில் என்ன பங்கு? பால் மறந்த குட்டிகள் வந்து வளர்ந்த இடம் அது. மனிதக் கைக்கு அஞ்சாமல் நிற்கவும், தலைக்கயிற்றுக்கு இணங்கவும், கால் தூக்கிக் காட்டவும் குட்டி கற்றுக்கொள்வது பிறப்புக்கும் பந்தயத்துக்கும் நடுவிலான அந்தப் பருவத்தில். அங்கே கோப்பை கிடையாது, கைதட்டல் கிடையாது. பத்திரிகையில் வராத உழைப்பின் இடமாக இந்த லாயம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது என்பதே இதிலிருந்து தெரிகிறது. தடையாகச் சொன்னது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது.

முடிவு விரைவாக வந்தது. வில்லியம் உட்வர்டு 1953-இல் காலமானார். அவர் மகன் இளைய வில்லியம் 1955 அக்டோபரில் லாங் ஐலண்டு வீட்டில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். திருடன் என்று நினைத்துச் சுட்டதாக மனைவி சொன்னார், அவர் மேல் குற்றம் சாட்டப்படவில்லை. அந்த ஆண்டின் தலைசிறந்த குதிரையான பெலேரின் நாஷுவா மூடிய உறைக் கேட்பில் 12,51,200 டாலருக்கு விலைபோனது. அந்த முறை ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் பந்தயக் குதிரை அது. 1957-இல் லாயம் மூடப்பட்டது. அதே ஆண்டில், ஒரே மாதிரி வீடுகளை ஆயிரக்கணக்கில் கட்டி விற்ற வில்லியம் லெவிட்டின் நிறுவனம் பண்ணையை வாங்கியது. 2,000 ஏக்கருக்கும் மேலான மேய்ச்சல் நிலமும் வயலும் தெருக்களாகப் பிரிந்தன. மாளிகை 1964-இல் நகராட்சியிடம் வந்து சில காலம் நகர்மன்ற அலுவலகமாக இருந்தது. இங்கே மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. அந்தப் புதிய வீடுகளைக் கறுப்பின மக்களுக்கு விற்க லெவிட் மறுத்தார். 1963-இல் சம உரிமை இயக்கத்தினர் அங்கே மறியல் செய்தனர். எந்த நிலத்தில் அவர்களுடைய முன்னோர் எஜமானின் குதிரைகளை வளர்த்தார்களோ, அந்த நிலத்தில் பணம் கொடுத்து வீடு வாங்கவும் அவர்களுக்கு உரிமை இல்லாமல் இருந்தது. பந்தயத் துறையிலும் இதுவே நடந்தது. 1875-இல் முதல் கென்டக்கி டெர்பியில் ஓட்டிய பதினைந்து ஜாக்கிகளில் பதின்மூன்று பேர் கறுப்பர்கள். வென்றவர் ஆலிவர் லூயிஸ், அவரும் கறுப்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுக்குள் அவர்களை அந்தத் தொழிலிலிருந்தே துரத்திவிட்டார்கள். ஜாக்கி என்ற நிலை பறிபோன பிறகும் லாயத்து வேலை அவர்களை விடவில்லை. அதனால்தான் லாயத்தின் கதையில் அடிமைக் காலத்தோடு நின்றுவிட முடியாது, 1957 வரைக்கும் வர வேண்டும்.

மேய்ச்சல் நிலம் போனபின் லாயம் மட்டும் தனியே நிற்பதில் என்ன பொருள் என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. குதிரைப் பண்ணை என்பது நிலம், நீர், புல், லாயம் நான்கும் சேர்ந்தது. அதில் மூன்று போய்விட்டன, அந்த இழப்பை எந்த அருங்காட்சியகமும் ஈடுகட்டாது. ஆனாலும் மிஞ்சிய ஒன்றுக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. இங்கிலாந்தில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. செலிமாவின் தந்தை கொடால்பின் அரேபியன் 1753-இல் கேம்பிரிட்ஜ் அருகே வாண்டில்பரியில் இறந்தது. அங்கேயே லாயத்து நடைவழியில் புதைத்துக் கல் பதித்தார்கள். வாண்டில்பரி மாளிகை 1950-களில் இடிக்கப்பட்டது. லாயம் நிற்கிறது, கல்லும் இருக்கிறது. மாளிகை இல்லாமலே அந்த இடம் தன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. பெலேரில் மாளிகையும் லாயமும் இரண்டுமே தப்பியிருப்பது அதைவிடப் பெரிய பேறு. ஒரே பண்ணையின் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் ஒரே நாளில் பார்த்து ஒப்பிட முடிகிற இடங்கள் எத்தனை இருக்கும்?

கடைசியாக ஒரு கேள்வி, மிகவும் கடுமையானது. பணக்காரர்களின் சூதாட்ட விளையாட்டுக்கும் அடிமை முறைக்கும் சாட்சியாக நிற்கும் இடத்துக்கு மக்கள் வரிப்பணத்தைச் செலவிடுவது தகுமா? செல்வர்களின் கோப்பைகளைத் துடைத்து வைப்பதற்கு மட்டும் என்றால் தகாது. அதற்கு ஜாக்கி கிளப்புகள் இருக்கின்றன, அவர்களிடம் பணமும் இருக்கிறது. பொதுப்பணம் செலவாக வேண்டியது பொதுமக்களின் கதைக்கு. இந்த லாயத்தில் உழைத்தவர்கள் பொதுமக்கள். அவர்களைப் பற்றி எஜமானர்களின் காகிதம் பேசாததால்தான் கட்டடத்தைப் பேசவைக்க வேண்டியிருக்கிறது. இடித்துவிட்டால் அநீதிக்குத் தண்டனை கிடைத்துவிடாது. அநீதி நடந்ததற்கான சாட்சியம்தான் போகும், மாளிகையின் ஓவியங்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு லாய அருங்காட்சியகத்தை எடைபோட என் அளவுகோல் இதுதான்: உள்ளே நுழைபவர், வென்ற குதிரைகளின் பெயரை அறிந்துகொள்ளும் அளவுக்காவது, அங்கே உழைத்தவர்களைப் பற்றியும் அறிந்துகொண்டு வெளியேற வேண்டும். பெயர் கிடைத்தவர்களுக்குப் பெயர், கிடைக்காதவர்களுக்கு அவர்கள் செய்த வேலையின் விவரம். குதிரைக்காரர் குடும்பம் வாழ்ந்த அறைகளை அந்தக் கூரையின் கீழேயே காட்ட முடிகிற பெலேருக்கு அந்த வசதி மற்ற இடங்களைவிட அதிகம்.

வாஷிங்டன், பால்டிமோர் சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, இந்தத் தொடரைப் படிப்பவர்களும் அங்கே இருப்பீர்கள். பூயி உங்களுக்குக் காரில் எட்டும் தூரம். மாளிகைக்குப் போகுமுன் லாயத்துக்குப் போங்கள். அங்கே இருப்பவர்களிடம் செலிமாவைப் பற்றியும் கேலன்ட் ஃபாக்ஸைப் பற்றியும் கேட்பதோடு, இங்கே வேலை செய்தவர்கள் யார், எங்கே தூங்கினார்கள், பின்னால் எங்கே போனார்கள் என்று குழந்தைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பார்வையாளர்கள் கேட்கக் கேட்கத்தான் எந்த அருங்காட்சியகமும் தன் பலகைகளைத் திருத்தி எழுதுகிறது. அடுத்த இதழில் வாண்டில்பரி லாயத்துக்குப் போவோம்.